சின்னத் தோட்டத்தில் கொத்துக் கொத்தாய் இளஞ்சிவப்பு ரோஜா: ஃப்ளோரிபண்டா வளர்க்கும் முறை

நர்சரியில் ரோஜாச் செடி என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது ஹைப்ரிட் டீ வகையாகத்தான் இருக்கும். நீளமான காம்பு, காம்புக்கு ஒரு பூ, பூவும் உள்ளங்கை அகலம். கண்காட்சிக்கும் பூச்சாடிக்கும் அது சரி. நாலடி அகலத் தோட்டத்துக்குச் சரிப்படாது. அந்த ஒரு பூ உதிர்ந்துவிட்டால் அடுத்தது வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடுப்பு உயரத்தைத் தாண்டாமல், கிளை நுனியில் ஐந்து முதல் பதினைந்து பூ வரை கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாதான் சிறிய இடத்துக்கு ஏற்றது.

டென்மார்க்கின் பூல்சன் குடும்பத்தார், கொத்தாகப் பூக்கும் குட்டை ரோஜாவான பாலியாந்தாவை ஹைப்ரிட் டீயுடன் கலந்து இந்த வகைக்கு வழி போட்டார்கள். அப்படி 1924இல் வெளிவந்த ‘எல்சே பூல்சன்’ இளஞ்சிவப்புதான். கொத்து பாலியாந்தா வழி வந்தது, பூவின் அளவு ஹைப்ரிட் டீ வழி. ஆகவே ஹைப்ரிட் டீக்குச் சொல்லப்படும் கவாத்தும் (கிளைகளை வெட்டிச் சீராக்குவது) மொட்டுக் கிள்ளலும் இதற்கு அப்படியே பொருந்தாது. குளிர் நாட்டுக் கையேடுகள் சொல்லும் நடவு ஆழமும் பருவமும் நம் சமவெளிக்குப் பொருந்தாது. இங்கே தரப்படும் மாதங்களும் அளவுகளும் சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களுக்கானவை. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த ரகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘பட்டன் ரோஸ்’ என்று விற்பது பெரும்பாலும் மினியேச்சர் அல்லது பாலியாந்தா. பூ இரண்டரை முதல் நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஃப்ளோரிபண்டாவின் பூ ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர். செடி 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதற்கு மேல் போகிற ரகமும் இருக்கிறது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘குயின் எலிசபெத்’ (1954) இளஞ்சிவப்பு, கொத்தாகவும் பூக்கும். ஆனால் ஆளுயரம் வளரும், பூவெல்லாம் உச்சியில் இருக்கும். மதிலோரம் பின்வரிசைக்கு நல்ல செடி, குட்டைச் செடி தேடுபவருக்கு இல்லை.

அடக்கமான இளஞ்சிவப்பு ரகங்களில் நம்பி வாங்கக்கூடியவை சில. நியூஸிலாந்தில் சாம் மெக்ரெடி உருவாக்கிய ‘செக்ஸி ரெக்ஸி’ (1984) வெளிர் இளஞ்சிவப்பு, அடுக்கு இதழ், கொத்து பெரிது. பிரான்ஸின் மெய்லாண்ட் நிறுவனத்தின் ‘போனிகா’ (1985) கொஞ்சம் பக்கவாட்டில் படரும். அதற்கு 75 செ.மீ. இடம் விட வேண்டும். ‘பிங்க் ஐஸ்பர்க்’ என்று விற்கப்படுபவை, ஜெர்மனியின் கோர்டஸ் நிறுவனத்துடைய புகழ்பெற்ற வெள்ளை ‘ஐஸ்பர்க்’ (1958) செடியில் தானாக நிறம் மாறிய கிளைகளிலிருந்து வந்தவை. முள் குறைவு என்பதால் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு வசதி. சில சமயம் ஒரு கிளை பழைய வெள்ளைக்கே திரும்பும். அப்படித் திரும்பினால் அந்தக் கிளையைப் பிறந்த இடத்திலேயே வெட்டிவிடுங்கள். விட்டால் செடி முழுவதையும் வெள்ளை பிடித்துக்கொள்ளும்.

நம் நாட்டு ரகங்களையும் கேட்டுப் பாருங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்த கோதுமை விஞ்ஞானி பி. பி. பால், ஓய்வு நேரத்தில் ரோஜா இனக்கலப்பு செய்தவர். அவருடைய ‘டெல்லி பிரின்சஸ்’ ஒரு அடர் இளஞ்சிவப்பு ஃப்ளோரிபண்டா. வெயில் பழகிய சாதி. கிடைத்தால் விட வேண்டாம். இன்னும் சிறிய இடம்தான் இருக்கிறது என்றால், ஃப்ளோரிபண்டாவை விட்டு அதன் உறவான பாலியாந்தா ‘தி ஃபேரி’க்குப் போகலாம். 1932ஆம் ஆண்டின் ரகம், இன்றும் சலிக்காமல் பூக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒன்று. இளஞ்சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி கடும் வெப்பத்தில் குறைவாகவே உருவாகும். மார்கழியில் நல்ல இளஞ்சிவப்பாகப் பார்த்து வாங்கிய பூ, சித்திரையில் வெளுத்து, இதழும் குறைந்து வரும். அது நோயில்லை, உரக்குறையும் இல்லை. ஆண்டு முழுக்க நிறம் நிற்க வேண்டுமென்றால் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியான ரகமாக வாங்குங்கள்.

பெயர்ச்சீட்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஓசூர், பெங்களூரு, ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து லாரியில் வரும் செடிகள் சில்லறைக் கடைக்குப் போகும்போது பெயர் தொலைந்து ‘பிங்க்’ என்று மட்டும் நிற்கும். பூத்திருக்கும்போது போய், ஒரு கிளையில் எத்தனை மொட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றை மொட்டாக இருந்தால் அது ஹைப்ரிட் டீ.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

பூவைப் பார்ப்பதைவிட அடியைப் பாருங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் மண்ணுக்குச் சற்று மேலே முண்டு போல ஒட்டு இடம் தெரியும். அங்கிருந்து பென்சில் கனத்தில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று கிளை வெவ்வேறு திசையில் பிரிந்திருக்க வேண்டும். ஒரே குச்சியாக மேலே போய் அங்கே கிளைத்த செடி பின்னால் எப்படி வளர்த்தாலும் குடை போலத்தான் நிற்கும். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். செடி பருக்கும்போது நாடா இறுக்கி, ஒரு நாள் காற்றில் அந்த இடத்திலேயே முறியும். கிளை நுனி கறுத்திருந்தாலும், இலையடியில் நூலாம்படை போல மெல்லிய வலை இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம்.

இடம்

சிறிய தோட்டத்தில் பரப்பு ஒரு பிரச்சினையே இல்லை. மதில்தான் பிரச்சினை. ஐந்தடி மதிலுக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் நடுவில் வெயில் நிற்கும் நேரம் குறைவு, காற்று அதைவிடக் குறைவு. ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும், அது காலை வெயிலாக இருப்பது உத்தமம். காலை 7 முதல் பகல் 1 வரை பட்டால் போதும். நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி உயரமாகும், கிளை நுனி மொட்டில்லாமல் மொட்டையாக நிற்கும். மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி நடவே வேண்டாம். பிற்பகல் வெயிலில் சூடேறிய சுவர் ராத்திரி வரை அந்தச் சூட்டைச் செடியின் மேல் விட்டுக்கொண்டிருக்கும். இலைச் சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பத்தடிக்கு நாலடி பாத்தியில் ஒன்பது செடி வைக்கலாம். நீளவாக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு நடுவே 60 செ.மீ., ஓரத்திலிருந்து 30 செ.மீ. முதல் வரிசையில் ஐந்து, இரண்டாவதில் அவற்றின் இடைவெளிக்கு நேராக நாலு. செடிக்குச் செடியும் 60 செ.மீ. இந்தப் பாத்திக்கு இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். பின்னால் சுவர் என்றால் இரண்டடி அகலத்தில் ஒரே வரிசையாக, சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி நடுங்கள். சின்னச் செடியாக இருக்கும்போது இடைவெளி வீணாகத் தெரியும். நெருக்கி நட்டவர்கள் இரண்டாவது மழைக்காலத்தில் கரும்புள்ளி நோயோடு மல்லுக்கட்டுவார்கள். ஒரே இடத்தில் ஒரே ரகம் மூன்று செடி வைத்தால்தான் கொத்துகள் சேர்ந்து கண்ணை நிறைக்கும். ஒன்பது ரகத்தை ஒவ்வொன்றாக நட்ட பாத்தி நர்சரியாகத்தான் தெரியும்.

மண்ணும் தொட்டியும்

தரையில் நடுவதானால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். எடுத்த மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் 8 முதல் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ, எலும்புத் தூள் 100 கிராம் கலந்து மூடி, தண்ணீர் விட்டு மண் அமர்ந்த பிறகு நடலாம். பச்சைச் சாணம் கூடவே கூடாது. வேரைச் சூடாக்குவதோடு கரையானையும் வேர்ப்புழுவையும் அழைத்து வரும். களிமண் தரையென்றால் குழிக்குள் நல்ல மண் போட்டுப் பயனில்லை, மழைக்கு அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அங்கே தரைக்கு மேல் முக்கால் அடி உயர்த்திக் கட்டிய பாத்திதான் வழி.

தொட்டிக்கு 12 அங்குலம் குறைந்தபட்சம், 14 அங்குலம் நல்லது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி கோடையில் வேரை வேகவைக்கும். மண் தொட்டி, சிமென்ட் தொட்டி, வெள்ளை வளர்ப்புப் பை ஆகியவற்றில் எதுவும் சரி. மாடியில் வைப்பதானால் ஈரமான 14 அங்குலத் தொட்டி ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது என்பதை நினைவில் வைத்து, தளத்தின் நடுவில் கூட்டாமல் சுவரோரமாக அடுக்குங்கள். கலவை: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் கலவை சிமென்டாக இறுகும். தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம். எடை குறைய வேண்டுமென்று தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். கட்டியை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிய பிறகே கலக்க வேண்டும்.

நடவு

ஆடி, ஆவணியிலும், மழை ஓய்ந்தபின் மார்கழி, தையிலும் நடலாம். பங்குனியிலிருந்து வைகாசி வரை வாங்கிய செடியைப் பையிலேயே நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வைத்துக் காப்பாற்றினால் போதும்.

பையைக் கிழித்தால் பல செடிகளில் இறுகிய களிமண் உருண்டை ஒன்று வேரைச் சுற்றி இருக்கும். அதை அப்படியே புது மண்ணில் இறக்குவதுதான் ‘வாங்கி வந்த ரோஜா ஒரு மாதத்தில் செத்துப் போச்சு’ என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம். சுற்றியுள்ள மண் தண்ணீரை விடும், உருண்டை உள்ளே வாங்காது. மேலே ஈரம், நடுவில் வறட்சி. உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, இளகிய வெளிக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்து எடுங்கள். உதறவோ அடிக்கவோ கூடாது. உருண்டை இளகலாக இருந்தால் கையே வைக்காமல் நட்டுவிடலாம்.

ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்பு, உறைபனியில் ஒட்டுக் கருகாமல் இருப்பதற்கானது. நமக்கு அந்த ஆபத்து இல்லை. புதைத்தால் ஈரத்தில் அழுகும், ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுக்கிளை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போகும். நட்டதும் தொட்டியின் அடியில் வழியும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பிறகு முழு வெயிலுக்கு மாற்றுங்கள். முதல் மாதம் எந்த உரமும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் மொட்டுகளைக் கிள்ளிவிட மனசு வர வேண்டும். அந்தப் பருவத்தில் செடிக்கு வேலை அடியிலிருந்து கிளைகள் விடுவதுதான். ஒட்டு இடத்திலிருந்து தடித்த, சிவந்த தளிர் ஒன்று வேகமாக எழும்பும். அது ஒன்று, ஒன்றேகால் அடி ஆனதும் நுனியை அரை அங்குலம் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் மற்ற கிளைகளை மிஞ்சிப் போய் உச்சியில் ஒரே பெரிய கொத்தாக முடியும், செடியின் வடிவம் கெடும். கிள்ளினால் மூன்று நான்கு பக்கக்கிளை விட்டு, ஒவ்வொன்றிலும் கொத்து வரும்.

தண்ணீர்

தரைச் செடிக்கு வாரம் இரண்டு முறை, கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு தடவைக்கு ஐந்தாறு லிட்டர். தொட்டிக்கு விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை. அக்னி நட்சத்திரத்தில் மாடித் தொட்டிக்குக் காலை மாலை இரு வேளையும் தேவைப்படலாம். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ பரப்பினால் பாதிக் கவலை குறையும். தண்டை மட்டும் ஒட்டாமல் விடுங்கள்.

தண்ணீரின் அளவைவிட அதன் தரம் அதிகச் செடிகளைக் கெடுக்கிறது. ரோஜா உப்பைப் பொறுக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000 பி.பி.எம்.மைத் தாண்டினால் இலையோரம் கருகத் தொடங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவில் இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். மழைநீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. உப்பும் சுண்ணாம்பும் கூடிய நீரில் மண் காரமாகி, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகும். புதுத்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் இதுதான் காரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்க, பத்து நாளில் பச்சை திரும்பும். மண்ணில் இடுவதானால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. கார மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும்.

உரம்

கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடிக்குப் பசி அதிகம். அதற்காக ஒரேயடியாகக் கொட்டினால் வேர் கருகும். 14 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு முறை மண்புழு உரம் 200 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். நடுவில் 15 நாளைக்கு ஒரு முறை, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தொட்டிக்கு அரை லிட்டர். மணம் தாங்காத அடுக்குமாடிவாசிகள் அதற்குப் பதில் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். மொட்டு தெரிந்ததும் 13:0:45 லிட்டருக்கு 3 கிராம் ஒரு முறை. எந்த உரமானாலும் ஈர மண்ணுக்குத்தான். தரைச் செடிக்கு இவற்றில் இரு மடங்கு.

தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகும், கிளை நீளும், கொத்து சிறுக்கும், சாம்பல் நோய் தேடி வரும். யூரியாவை ரோஜாவிடமிருந்து தள்ளியே வையுங்கள். அடுக்களைக் கழிவுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாழைப்பழத் தோலை அப்படியே மண்ணில் போட்டால் எறும்பும் பழ ஈயும்தான் வரும். மக்கவைத்துப் போடுங்கள். டீத்தூளைச் சர்க்கரை போகக் கழுவிக் காயவைத்த பிறகு கொஞ்சம் போடலாம். முட்டை ஓடு கார மண்ணில் கரையவே கரையாது. எப்சம் உப்பு எல்லோரும் சொல்வது போல மந்திரமில்லை. அடி இலைகள் நரம்புக்கு நடுவில் மஞ்சளானால் மட்டும் லிட்டருக்கு 2 கிராம்.

கொத்தைக் கையாள்வது

ஃப்ளோரிபண்டாவை ஹைப்ரிட் டீ போல நடத்துவதுதான் பெரும் தவறு. ஹைப்ரிட் டீயில் பக்க மொட்டுகளைக் கிள்ளி நடு மொட்டை வளர்ப்பார்கள். இங்கே தலைகீழ். கொத்தின் நடு மொட்டு எப்போதும் முதலில் மலரும். மற்றவை விரியும்போது அது வாடி, கொத்தின் நடுவில் பழுப்பு நிறத்தில் தொங்கும். நடு மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் மீதி எல்லாம் ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஒன்றாக விரியும். ஒரு கொத்தில் கிள்ளி, இன்னொன்றில் கிள்ளாமல் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பூக்கள் வாட வாட அந்த ஒவ்வொரு பூவை மட்டும் காம்போடு ஒடித்து எடுங்கள். கொத்து முழுதும் முடிந்த பிறகு, கீழே வந்து ஐந்து சிற்றிலை உள்ள, வெளிப்பக்கம் பார்த்த முதல் இலைக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். கொத்துக்கு அடியிலுள்ள மூன்று சிற்றிலைக் கணுவில் வெட்டினால் மெலிந்த கிளைதான் வரும். ரொம்பக் கீழே இறங்கி வெட்டினால் இலை குறைந்து அடுத்த பூ தாமதமாகும். இந்த வெட்டிலிருந்து அடுத்த கொத்துக்குச் சமவெளியில் சுமார் 40 நாள். வாடிய பூவை விட்டுவைத்தால் காய் பிடிக்கும், ‘போனிகா’வில் நிச்சயமாகப் பிடிக்கும். காய்க்குப் போகிற சத்து பூவுக்கு இல்லை. மொட்டில்லாமல் நின்றுபோன குருட்டுக் கிளை தெரிந்தால் பாதியாக வெட்டுங்கள், கீழ்க்கணுவிலிருந்து பூக்கிளை வரும்.

கவாத்து

ஆண்டுக்கு ஒரு பெரிய கவாத்து. கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வெட்டக் கூடாது. வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் இறங்கும், இளந்தளிரைக் கரும்புள்ளி தின்னும். மழைக்கு இடைவெளி விழும் நவம்பர் கடைசியிலோ, மழை ஓய்ந்த டிசம்பர் நடுவிலோ செய்யலாம். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் நவம்பர் கடைசி வாரம் சரியாக இருக்கும், வெட்டிய 45 முதல் 50 நாளில் கொத்து விரியும். ஜூலையில் நுனியை மட்டும் சீராக்கும் சிறு கவாத்து ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் வாடிய கொத்தை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையே அப்போது தண்டுக்கு நிழல்.

எப்படி வெட்டுவது? முதலில் காய்ந்தவை, நோய் கண்டவை, நடுவில் குறுக்கே போகிறவை, பென்சிலில் பாதிகூட இல்லாத சிம்புகள் ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மிச்சத்தில் நல்ல கிளை ஐந்து முதல் எட்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் டீயை ஒரு அடிக்கு ஒட்ட வெட்டுவது போல இதை வெட்டினால் அடுத்த சுற்றில் பூவின் எண்ணிக்கை விழுந்துவிடும். அந்த ஆண்டு வந்த புதுக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். பழையவற்றைப் பாதியாக்குங்கள். உயரம் முன்பின்னாக அமைவதால் கொத்துகள் அடி முதல் நுனி வரை பரவி வரும், ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் கொட்டியும் போகாது. மூன்று வயது தாண்டிய செடியில் ஆண்டுக்கு ஒரு முதுகிளையை அடியோடு எடுத்தால், அந்த இடத்தில் புதுசு எழும்பும். வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு (தளிர் புறப்படும் இடம்) கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக இருக்கட்டும். உள்ளே பழுப்புத் தெரிந்தால் தண்டின் வெள்ளை உட்பகுதி தெரியும்வரை இறங்கி வெட்டுங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். நாலைந்து செடிக்கு மயில்துத்தம் 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம், இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கரைத்து, மொத்தம் 100 மில்லி வருமாறு கலந்தால் போதும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மஞ்சள் குழைத்துப் பூசுவதில் தவறில்லை, ஒரு மழைக்கு மேல் நிற்காது, அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் பழைய இலைகளையும் உருவி எடுத்துக் குப்பையில் போடுங்கள், பாத்தியில் விடாதீர்கள். கவாத்துக்கு முன் வேரைத் தோண்டி ஒரு வாரம் வெயில் காட்டும் பழைய வழக்கம் தொட்டிச் செடிக்கு வேண்டவே வேண்டாம்.

என்னென்ன கெடும், ஏன்

ஒட்டுக்குக் கீழிருந்து வருவது காட்டுக்கிளை. இலை சிறிதாகவும், ஏழு சிற்றிலையோடும் இருக்கும் என்பார்கள். அதை நம்ப வேண்டாம், சில ஃப்ளோரிபண்டாக்களுக்கும் ஏழு சிற்றிலை உண்டு. எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் வெட்டாமல் கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடிக்கண்களிலிருந்து இரண்டு மூன்றாகத் திரும்பி வரும்.

கரும்புள்ளி மழைக்கால நோய். அதை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைக்க இலையில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரம் நிற்க வேண்டும். அதனால்தான் சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறோம். புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. ஏற்கெனவே புள்ளி விழுந்த இலை ஆறாது, மருந்து புது இலைக்குத்தான். சாம்பல் நோய் வேறு ரகம்: அதற்கு இலையில் ஈரம் தேவையில்லை. பகலில் வறண்ட வெயிலும் இரவில் பனியுமான கார்த்திகை முதல் மாசி வரை மொட்டுக் காம்பில் வெள்ளைப் பொடி படியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுடும். வேப்ப எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது.

மொட்டு வருகிறது, விரியாமல் பழுப்பாகிறது, இதழோரம் கருகுகிறது என்றால் இலைப்பேன். வெளிர் இளஞ்சிவப்பில் இந்தச் சேதம் அப்பட்டமாகத் தெரியும். மொட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மெல்லிய கீற்றுகள் ஓடும். கெட்ட மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். நீல ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். வேப்ப எண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி ஒரு லிட்டர் நீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒரு முறை. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் 45 எஸ்.சி. லிட்டருக்கு 0.3 மில்லி, தேனீ அடங்கிய மாலை நேரத்தில் மட்டும். குல்கந்துக்கோ சமையலுக்கோ இதழ் எடுக்கும் செடிக்கு எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

கோடையில் இலை மங்கிச் செம்பு நிறமானால் இலையடியில் சிவப்புச் சிலந்தி. அது பூச்சியில்லை, சிலந்தி இனம். வழக்கமான பூச்சிமருந்து அதன் எதிரிகளைக் கொன்று அதைப் பெருக்கத்தான் செய்யும். குழாய்த் தண்ணீரை வேகமாக இலையடியில் மூன்று நாள் தொடர்ந்து காலையில் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். தண்டில் செதில் பூச்சி மொரமொரவென்று ஒட்டியிருந்தால் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள்.

நுனியிலிருந்து தண்டு கறுத்து இறங்கினால் காத்திருக்கவே கூடாது. கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சையில் வெட்டிப் பசை தடவுங்கள். அடுத்த வெட்டுக்கு முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஒட்டு இடம் வரை கறுப்பு இறங்கிவிட்டால் அந்தச் செடி தேறாது.

கவாத்தில் விழும் கிளைகளை எறிய வேண்டியதில்லை. பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள கிளையில் ஆறு அங்குலத் துண்டு எடுத்து, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அடியை வேர்விடு பொடியில் தோய்த்து, மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த கலவையில் மூன்றில் இரண்டு பங்கு புதையச் செருகுங்கள். நிழலில், மேலே பிளாஸ்டிக் உறை கவிழ்த்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் டிசம்பர், ஜனவரியில் ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். சொந்த வேரில் நிற்கும் இந்தச் செடி ஒட்டுச் செடியைவிடக் குட்டையாகவே இருக்கும், காட்டுக்கிளைத் தொல்லையும் கிடையாது. உப்புத் தண்ணீரை மட்டும் அதனால் தாங்க முடியாது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்கள் ஒட்டுச் செடியே வாங்கிக்கொள்வது நல்லது.